வெளிநாட்டுப் பயணத்தில் நெருப்பு நடனம் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? முப்பது வயதுக்கு மேல் முடியுமா?

முடியும். நான் தொடங்கியபோது எனக்கு 34. அதற்கு முன் ஆடிய ஒரே ஆட்டம் கல்லூரி ஆண்டு விழாவில், கடைசி வரிசையில். அதிலும் பாதிப் பாட்டில் எல்லோரும் ஒரு பக்கம் திரும்ப, நான் இன்னொரு பக்கம் திரும்பினேன்.

ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர ஒரு மாதம் இடைவெளி இருந்தது. தாய்லாந்து போனேன். பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் சூரத்தானி, அங்கிருந்து பஸ், அப்புறம் படகு, கோ பங்கன் தீவு. பௌர்ணமிக் கொண்டாட்டத்துக்குப் பேர்போன இடம். பௌர்ணமி முடிந்து கூட்டம் வடிந்த பிறகுதான் போனேன். அறை வாடகை இறங்கியிருக்கும் என்ற கணக்கு, வேறொன்றுமில்லை.

அங்கே கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் இருட்டியதும் பையன்கள் தீ சுற்றுவார்கள். கைக்கு ஒரு சங்கிலி, சங்கிலி நுனியில் எரியும் திரிப்பந்து. இதன் பெயர் ‘பொய்’. மாவோரி மொழிச் சொல், பந்து என்று பொருள். அம்மாவிடம் போனில், “பொய் கத்துக்கிறேன்மா” என்றேன். “அதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா?” என்றார்.

மாவோரிகளின் பொய்யில் நெருப்பு கிடையாது. நாரில் செய்த பந்தைக் கயிற்றில் கட்டி, பாட்டுக்கு ஏற்பச் சுழற்றி ஆடுவது அது. பசிபிக் ஆட்டங்களில் தீ புகுந்த கதை வேறு. சமோவாக்காரர் பிரெடி லெட்டூலி 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் கத்தி நடனப் பயிற்சியில் இருந்தபோது, நெருப்பு விழுங்கும் ஓர் இந்தியரைப் பார்த்து, அவரிடமே எரிபொருள் வாங்கி, கத்தியில் துண்டைச் சுற்றிப் பற்றவைத்ததாகச் சொல்லியிருக்கிறார். நம்ம ஊர்க்காரன் ஒருவன் எங்கே போனாலும் நடுவில் வந்துவிடுகிறான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பர்மாக்காரர், இருபத்தைந்து வயது இருக்கும். கூலி, தினமும் ராத்திரிச் சாப்பாடு. முதல் பத்து நாள் தீப்பெட்டியைக் கண்ணிலேயே காட்டவில்லை. முழங்கால் வரை வரும் இரண்டு சாக்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி அரிசி, மேலே ஒரு முடிச்சு. அவ்வளவுதான் கருவி. முன்சுற்று, பின்சுற்று, இரண்டு கையும் எதிரெதிராகச் சுற்றும் பட்டாம்பூச்சி, அதன் பிறகு பின்னல். பின்னலில்தான் எல்லோரும் உதை வாங்குவோம். ஒரு கை மறு பக்கத்துக்குக் குறுக்கே போகும்போது அடுத்தது வழிவிட வேண்டும். தலையால் யோசித்தால் அரிசிமூட்டை மூக்கில் விழும். எங்கெங்கே விழுந்தது என்று முழுப் பட்டியல் எழுத முடியாது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ கை சட்டென்று பழகியது. காரணம் பின்னல் பயிற்சி மட்டுமில்லை, மாவளி ஞாபகம் வந்ததுதான்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மாவளியைச் சொல்லித்தரத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஆண் பனையின் பூவைக் குழியில் போட்டுக் கரியாகும்வரை மூட்டம் போட்டு, அரைத்து, பழைய வேட்டித் துணியில் இறுகச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் செருகி, நீளக் கயிறு கட்டுவார்கள். திருக்கார்த்திகை இரவில் மேலே ஒரு தணல் வைத்துச் சுற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். பண்ருட்டிப் பக்கம் தாத்தா வீட்டில் பத்து வயதிலிருந்து சுற்றியிருக்கிறேன். “பயந்து நிறுத்துனாதான்டா மேல வுழும். சுத்திக்கிட்டே இரு, அது வெளிய ஓடத்தான் பாக்கும்” என்பார் தாத்தா. பர்மாக்காரர் அத்தனை நாளும் “நோ ஸ்டாப், நோ ஸ்டாப்” என்று கத்தியதும் அதேதான். எனக்கு மண்டையில் ஏறத் தாத்தா வர வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் பற்றவைத்தோம். வெளிச்சத்தை எதிர்பார்த்திருந்தேன், சத்தத்தை எதிர்பார்க்கவில்லை. பந்து காதைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பெரிய துணியை உதறுவதுபோல ஒரு ‘புஃப்’. முன்கை முடி கருகும் வாடை. இரண்டாம் நிமிடம் ஒரு சங்கிலி கையில் சுற்றிக்கொண்டது, நான் நின்றுவிட்டேன், தாத்தா சொன்னதை மறந்து. தீ சுட்டதைவிடத் திரியை ஒட்டியிருந்த சங்கிலி சுட்டதுதான் அதிகம். இரும்பு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மணிக்கட்டுக்கு மேலே தோசைக்கல் சுட்டதுபோல ஒரு கோடு இன்னும் இருக்கிறது.

அதனால் சில விஷயங்கள். பருத்தி உடை மட்டும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். நீள முடியை முடிந்து ஈரத்துணி கட்டுங்கள். திரி, கெவ்லார் என்ற சூடு தாங்கும் செயற்கை நாரில் செய்ததாக இருக்கட்டும். நனைத்த திரியைப் பற்றவைக்கும் முன் சுழற்றி உபரி எண்ணெயை உதறுங்கள், இல்லாவிட்டால் பார்ப்பவர் மேல் தீத்துளி தெறிக்கும். எண்ணெய் டப்பா மூடியோடு தள்ளி இருக்க வேண்டும். ஈரத்துண்டோடு ஒருவர் நிற்க வேண்டும், அவர் போனைப் பார்க்கக் கூடாது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் சாதாரணமாக 38 டிகிரிக்கு மேல்தான் பற்றும் ஆவியை விடும், பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழேயே விடும். வாயில் எண்ணெய் வைத்து ஊதுவதை யார் கூப்பிட்டாலும் செய்யாதீர்கள்; கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கினாலே நிமோனியாவில் கொண்டுபோய் விடும். குடித்தவர்களைத் தீக்கயிறு தாண்டச் சொல்லும் வேடிக்கையும் அங்கே உண்டு, அந்தப் பக்கமே போகவில்லை. பயணக் காப்பீட்டில் இதெல்லாம் அடங்குமா என்று கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள்.

திரும்பும்போது எண்ணெய் ஊறிய திரியை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். சங்கிலியை மட்டும் கழுவி எடுத்துவந்தேன்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். சாக்ஸோடு போனால் பிரச்சினையில்லை. தீயோடு போன முதல் நாளே ஒரு மீனவப் பெரியவர் நிறுத்தினார். மணலில் நைலான் வலை காய்கிறது, ஃபைபர் படகு நிற்கிறது, காற்று கரைப்பக்கம் அடிக்கிறது. மூன்றையும் ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். எனக்கு நாக்கில் பதில் இல்லை. “மாவளின்னா கார்த்திகையில சுத்து தம்பி. இப்ப எதுக்கு?” என்றார்.

இப்போது பண்ருட்டியில் தாத்தாவின் களத்துமேட்டில்தான், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு. போன கார்த்திகைக்கு ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு மாவளி கட்டிப் பின்னல் போட்டுப் பார்த்தேன். மாவளி கனம், பொய்யைப்போலச் சட்டென்று திரும்பாது. நாலாம் சுற்றில் இரண்டு கயிறும் முறுக்கிக்கொண்டு, பொறி முழுக்க என் வேட்டியில். குடத்துத் தண்ணீரை ஊற்றியது அம்மா.