மாடி வீட்டுக்கும் ஆயிரம் ரூபாயா?

வணக்கம் ஐயா,

மகளிர் உரிமைத் தொகையை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு மாடி வீடு. கீழே இரண்டு கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முகப்பு முழுக்க கிரானைட். மகனுக்கு பெங்களூரில் ஐடி வேலை. அந்த அம்மாவுக்கு மாதா மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். (எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருபவருக்குக் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.)

உண்மையான ஏழைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன? ஆதாரும் கம்ப்யூட்டரும் இருக்கும் காலத்தில் இதுகூடவா முடியாது? எல்லாவற்றையும் சும்மா கொடுத்தால் வேலைக்கு யார் வருவார்கள்? கடைசியில் அந்தப் பணம் டாஸ்மாக்குக்குத்தானே போகிறது?

எஸ்., ஈரோடு


அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ஏழைகள் கையில் பணம் கொடுத்தால் குடிக்கும் புகைக்கும் போகிறதா என்று உலகம் முழுக்கப் பலரும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் அப்படிப்பட்ட 19 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செலவு கூடியதாகத் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தும் இருந்தது. சோம்பேறித்தனமும் அப்படித்தான். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் வேறு மூன்று பேரும் மெக்சிகோ, இந்தோனேசியா, மொராக்கோ உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த ஏழு பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உதவி வாங்கியதால் ஆட்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தவிர, மாதம் 1000 ரூபாயை நம்பி எந்தப் பெண் வேலையை விடுவார்? இன்றைய விலையில் கேஸ் சிலிண்டர் ஒன்று வாங்கினாலே அதில் பெரும்பகுதி போய்விடும்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, "அது வேறு விஷயம்" என்று. எனக்கு அதுதான் விஷயமே. மாடி வீட்டு அம்மாவைப் பற்றி எழுதும்போது கிரானைட் வரைக்கும் வந்துவிட்டது. தினமும் உங்கள் வீட்டுக்குள் வந்து போகிறவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்களா என்பதுகூடக் கடிதத்தில் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. தகுதியில்லாதவர் வாங்குவது கண்ணில் படும். வாசலில் நின்று சிரிக்கவும் செய்யும். தகுதியுள்ளவருக்குக் கிடைக்காமல் போனால் சத்தமே வராது. அரசியல்வாதி, அதிகாரி, பத்திரிகை எல்லோருக்கும் இதே கதைதான். முதல் தவறைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வந்துகொண்டே இருக்கும், இரண்டாவதைக் கேட்பாரில்லை. முதலாவதை இறுக்க இறுக்க இரண்டாவது பெருகுகிறது என்பதுதான் சிக்கல்.

ஏன் என்றால், யார் ஏழை என்று அரசுக்குத் தெரியாது. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் பூக்கட்டி விற்பவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் வருமானத்துக்குப் பதில் வேறு அடையாளங்களைத் தேடுகிறார்கள். மத்திய அரசு 2002இல் கிராமங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைக் கணக்கெடுத்தபோது 13 கேள்விகள் வைத்து மதிப்பெண் போட்டது. அதில் ஒன்று, ஆளுக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது என்பது. இரண்டுக்குக் குறைவு என்றால் பூஜ்யம், பத்தோ அதற்கு மேலோ என்றால் நான்கு மதிப்பெண். யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் நோட்டோடு திண்ணையில் உட்கார்ந்து, கொடியில் காயும் சேலைகளை எண்ணுவதை நினைத்துப் பாருங்கள். என்.சி. சக்சேனா தலைமையிலான நிபுணர் குழு 2009இல் கொடுத்த அறிக்கைப்படி, ஏழைகளில் ஏறத்தாழ 61 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். ஏழையல்லாதவர்களில் கால்வாசிப் பேர் உள்ளே இருந்தார்கள். உண்மையான ஏழைகளை மட்டும் கண்டுபிடிப்பது என்ற உங்கள் யோசனையை நாடு முழுக்கச் செய்து பார்த்ததன் விளைவு இது.

1997இல் மத்திய அரசு ரேஷனை இப்படிப் பிரித்தபோது தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் அரிசி என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசியும் ஆனது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்த பிறகு கார்டில் 'முன்னுரிமை உள்ளது', 'முன்னுரிமை அற்றது' என்று எழுத்து வந்ததே தவிர, இரண்டு கார்டுக்கும் அரிசி உண்டு. பணக்காரனுக்கும் ரேஷன் அரிசியா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். நடப்பதைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. வசதியானவர்கள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்பதில்லை. பொன்னி சாப்பிட்டுப் பழகியவருக்கு அந்த அரிசி இறங்காது. நிறையப் பேர் சர்க்கரை, பாமாயில், துவரம்பருப்போடு முடித்துக்கொள்கிறார்கள். யார் ஏழை என்று விஏஓ ஒருவர் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை, வரிசையே பிரித்துவிடுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பள்ளி ஆசிரியரும் பஸ் கண்டக்டரும் அதே கடைக்குத்தான் வருகிறார்கள். 30 ரூபாய்ப் பருப்பு இந்த மாதம் வரவில்லை என்றால் அவர்களும் கத்துகிறார்கள். கூலிக்காரர் மட்டும் வரும் கடையாக இருந்தால் "நாளைக்கு வா" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் அரசுக் கிடங்கிலிருந்து போன தானியத்தையும், மக்கள் வாங்கியதாகச் சொன்ன தானியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 2011-12இல் நாட்டளவில் ஏறத்தாழ 42 சதவீதம் வழியில் காணாமல் போனது. தமிழ்நாட்டில் அது 12 சதவீதம் அளவில்தான். சத்தீஸ்கரில் 2004-05இல் பாதிக்குப் பாதி போய்க்கொண்டிருந்தது, 2011-12இல் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தது. இடையில் அந்த மாநிலம் செய்த காரியங்களில் ஒன்று, ஏழைகளை வடிகட்டுவதைக் கைவிட்டுப் பெரும்பாலானவர்களுக்குக் கார்டு கொடுத்தது. தனியார் நடத்திய கடைகளைப் பஞ்சாயத்து, சுய உதவிக் குழு, கூட்டுறவுச் சங்கங்களின் கையில் கொடுத்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசியை வாங்கிப்போக டிவிஎஸ் 50இல் வருகிற ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாவு மில்லுக்குப் போவதும் எல்லை தாண்டுவதும் நடக்கிறது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்று கேட்டீர்கள். ஜார்க்கண்டில் கைரேகை வைத்துத்தான் ரேஷன் என்று ஆக்கியபோது என்ன நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் பெரிய அளவில் பரிசோதனையாகவே நடத்திப் பார்த்தார்கள். அந்தக் கட்டத்தில் திருட்டு குறையவில்லை. ரேஷன் வாங்க அலையும் செலவு கூடியது. ஆதாரை முன்பே கார்டோடு இணைத்து வைக்காதவர்கள் 23 சதவீதம் பேர்; அவர்கள் வாங்கிய பொருளின் மதிப்பு 10 சதவீதம் சரிந்தது. ஆதாரை இணைக்காமல் விட்டவர்கள் யார் என்று யோசியுங்கள். போன் இல்லாதவர், எழுத்துத் தெரியாதவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மையத்துக்குப் போக முடியாதவர். போலிகளைப் பிடிக்க வீசிய வலையில் சிக்கியது இவர்கள்தான். நம் கடைகளிலும் சுண்ணாம்பு, சிமென்ட் வேலை பார்த்துத் தேய்ந்த விரல் மிஷினில் விழாமல், சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கும் பெண்களைப் பார்க்கலாம்.

இது ஏழை நாட்டுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலம் 2018இல், மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால்தான் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு என்று விதி போட்டது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். பின்னால் ஆராய்ந்தபோது, அந்த விதி குறிவைத்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள் அல்லது விலக்குப் பெறத் தகுதியானவர்கள். காகிதம் காட்டுவதில்தான் தோற்றார்கள். வேலைக்குப் போகிறவர் எண்ணிக்கையும் கூடவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. ஆனாலும் 2025 ஜூலையில் அதே மாதிரி விதியை நாடு முழுமைக்கும் சட்டமாக்கிவிட்டார்கள். ஆய்வு ஒரு பக்கம் கிடக்கும், சட்டம் தன் பாட்டில் போகும்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அரிசி மாதிரி இல்லை பணம். வரிசை பிரித்துவிடும் என்று இங்கே விட முடியாது. வங்கிக் கணக்கில் வந்து விழும் ஆயிரத்தை வேண்டாம் என்று எவரும் சொல்லப் போவதில்லை. செலவும் சின்னதல்ல: 2023 செப்டம்பரில் தொடங்கியபோது இருந்த 1.06 கோடிப் பேருக்கே ஆண்டுக்கு 12,700 கோடி ரூபாய் ஆகிறது. அதனால் ஏதோ ஒரு சல்லடை வேண்டும்தான். எந்தச் சல்லடை என்பதில்தான் நமக்குள் வித்தியாசம். ஏழையை "நீ ஏழை என்று நிரூபி" என்று சொல்வதைவிட, வசதியானவரை அரசே தன் பதிவேடுகளில் பார்த்து விலக்குவது நல்லது. வருமான வரி, அரசு வேலை, கார் எல்லாம் ஏற்கெனவே அரசிடம் இருக்கும் தகவல்கள். உரிமைத் தொகையின் விதிகள் ஓரளவு அப்படித்தான் எழுதப்பட்டன. ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது. ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள், அதாவது இரண்டு மாத பில்லுக்கு 600 யூனிட். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் லைன் வீட்டில் அந்த யூனிட்டை யார் கணக்கில் எழுதுவது? வீட்டில் மாமியார் முதியோர் பென்ஷன் வாங்கினால் மருமகளுக்குக் கிடையாது என்று முதலில் இருந்தது. கூச்சல் எழுந்த பிறகு, திட்டம் தொடங்கும் முன்பே அதைத் தளர்த்தினார்கள். தளர்த்தியது நல்லது.

உங்கள் மாடி வீட்டு அம்மாவையே எடுத்துக்கொள்வோம். அவரைப் பிடிக்க என்ன விதி போடலாம்? ரேஷன் கார்டில் பெயர் இல்லாத மகனின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடலாம். செய்தால் அவர் மாட்டுவார். பெங்களூருக்குப் போய் ஐந்து வருடமாகப் பத்துப் பைசா அனுப்பாத மகனைப் பெற்றவரும் கூடவே மாட்டுவார். நான் அந்த விதியைப் போட மாட்டேன். மாடி வீட்டுக்கு மாதம் ஆயிரம் போவதைப் பொறுத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மைத்துனர் பெயர் இன்னும் அதில் இருக்கும், அவர் கடன் வாங்கி ஒரு பழைய ஆம்னி வண்டி வாங்கியிருப்பார், அது இவர் குடும்பத்துக் காராகக் கணக்கில் விழுந்திருக்கும். இந்த மாதிரிக் காரணங்களே அதிகம் கேள்விப்படுகிறேன். பெயரை நீக்கி, காரணத்தை எழுதி மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கும். 2023இல் அதற்கு 30 நாள் கெடுவும், இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கும் முறையும் வைத்திருந்தார்கள். இப்போதைய முறை என்ன என்று நீங்களே போன் போட்டு விசாரியுங்கள்; அவர் போய் நின்றால் ஒரு நாள் வேலை கெடும். மையத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால் அன்றைக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுங்கள், முடிந்தால் கூடவே போய் வாருங்கள்.