யாருடைய துணிச்சல்?

கேள்வி: தொழில் மந்தமாக இருந்தாலும் விலைவாசி ஏறினால் வட்டியை உயர்த்தியே ஆக வேண்டும், அமெரிக்காவில் மத்திய வங்கித் தலைவராக இருந்த பால் வோல்கருக்கு இருந்த துணிச்சல் நம் ரிசர்வ் வங்கிக்கு இல்லை என்று வாதாடுகிறார் என் நண்பர். தக்காளி விற்கிற விலையைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து?
- ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: துணிச்சலா? யாருடைய துணிச்சல்? மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பிழைப்பைப் பணயம் வைப்பதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் நண்பரை ஒருநாள் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். ஒரு வீட்டில் வெள்ளிக் கம்பி இழுப்பார்கள், அடுத்த வீட்டில் கண்ணி கோப்பார்கள், அதற்கடுத்த வீட்டில் தலை நிமிராமல் குனிந்து பற்றவைப்பார்கள். வெள்ளி வியாபாரியுடையது, இவர்களுடையது உழைப்பு மட்டும். ஆர்டர் நின்றால் கூலியும் நின்றது. ஆர்டர் பாதியாகக் குறைந்த மாதத்திலும் யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், கடன் வாங்கியாவது கூலி கொடுக்கிற சிறு பட்டறைக்காரர் இருக்கிறாரே, அவருக்கு இருப்பதுதான் துணிச்சல். மந்த காலத்தில் வட்டியை ஏற்றினால் முதலில் முதுகு ஒடிவது அவருக்கு.

வோல்கரை நான் குறைத்துப் பேசவில்லை. 1979 ஆகஸ்டில் அவர் அமெரிக்க மத்திய வங்கியின் தலைமைக்கு வந்தபோது, அங்கே பத்தாண்டுக்கும் மேலாக விலையும் கூலியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. 1980இல் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியது. வட்டியை 20 சதவீதம் வரை கொண்டுபோனார், பணவீக்கம் அடங்கியது. ஆனால் 1982 முடிவில் வேலையின்மை 10.8 சதவீதம். வீடு கட்டித் தருகிறவர்கள் வேலை இல்லாத கோபத்தில் மரத்துண்டுகளைத் தபாலில் அவருக்கு அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து மத்திய வங்கிக் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். அதே 1982 ஆகஸ்டில், டாலரில் கடன் வாங்கியிருந்த மெக்சிகோ, ஏறிய வட்டியைத் தாங்காமல், இனி கட்ட முடியாது என்று கையை விரித்தது. வோல்கரைப் புகழ்கிற யாரும் மெக்சிகோவின் பெயரை எடுப்பதில்லை. இந்தப் பக்கத்தில் இதை முன்பும் எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

நண்பர் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் நாட்டில் 2020இல் நடந்ததைப் பார்க்கட்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது. அடுத்த காலாண்டும் சரிவுதான். அந்த நேரத்தில் விலைவாசி குறையவில்லை. அக்டோபரில் பணவீக்கம் 7.61 சதவீதம், ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்ட 6 சதவீத உச்சவரம்பைத் தாண்டிய அளவு. வட்டியை ஏற்று என்று அப்போதும் சிலர் நெருக்கினார்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கிற ரெப்போ வட்டி 4 சதவீதத்திலேயே நின்றது. 2021 ஜனவரியில் பணவீக்கம் 4.06 சதவீதம். காய்கறி வரத்து சீரானது, விலை இறங்கியது. அன்று வட்டியை ஏற்றியிருந்தால், ஊரடங்கில் தறியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டத் தொடங்கிய இளம்பிள்ளை நெசவாளி எழுந்தே இருக்கமாட்டார்.

தக்காளிக்கு வருகிறேன். வட்டி எந்தப் பொருளின் விலையையும் நேராகத் தொடுவதில்லை. கடனை விலையேற்றி, வாங்குகிறவர் கையைக் கட்டி, அதன் வழியாகத்தான் விலையை இறக்குகிறது. மந்தத்தில் வாங்குகிறவர் கை ஏற்கெனவே கட்டுண்டுதான் கிடக்கிறது. தக்காளியோ மழையில் அழுகியதால் ஏறுகிறது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட விலைவாசிக் குறியீட்டில் உணவுக்கு மட்டும் ஏறக்குறைய 46 சதவீத இடம். அதனால்தான் 2023 ஜூலையில் தக்காளி எகிறியதும் மொத்தப் பணவீக்கமும் 7.44 சதவீதத்துக்குப் போனது. செப்டம்பரில் 5.02க்கு வந்துவிட்டது. இடையில் ரெப்போ வட்டி 6.5 சதவீதத்திலிருந்து அசையவில்லை. புதிய செடி காய்க்க இரண்டு மூன்று மாதம். அந்த அவகாசம்தான் தேவைப்பட்டது.

தலைவாசல் காய்கறிச் சந்தைக்கு அதிகாலையில் போய்ப் பாருங்கள். விலை விழுந்த வாரத்தில் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் விவசாயி தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிறார். சில மாதங்களில் அதே தக்காளிக்கு அலைகிறோம். விளைகிற ஊர்ப் பக்கத்திலேயே குளிர்பதனக் கிடங்கும், மிஞ்சியதைச் சாறாக்கி வைக்க ஆலையும் வேண்டும் என்று எழுதி எழுதி எனக்குச் சலிக்கவில்லை. தக்காளி விலைக்கு அதுதான் வைத்தியம்.

அதற்காக எந்தக் காலத்திலும் வட்டியை ஏற்றவே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். துருக்கி 2021இல் பணவீக்கம் ஏற ஏற வட்டியைக் குறைத்தது; 2022 அக்டோபரில் அங்கே பணவீக்கம் 85 சதவீதம். கூலிக்காரன் சேமிப்பு கரைந்தது. விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று எல்லோரும் நம்பி, அதற்கேற்பக் கூலியும் வாடகையும் ஏறத் தொடங்கிவிட்டால் வட்டியைத் தொட்டே ஆக வேண்டும். தக்காளியைப் பார்த்துவிட்டு வோல்கரைக் கூப்பிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி 4இலிருந்து 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 25 லட்சம் வீட்டுக்கடனை 20 ஆண்டுக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை 19,382 ரூபாய். ரெப்போ ஏறிய அதே இரண்டரை சதவீதம் ஏறி அவர் வட்டி 9.5 ஆனால், அந்த 25 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 19,791 ரூபாய். தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது; கூடும். இது தெரியாமலே கட்டிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்களுக்கோ நண்பருக்கோ வீட்டுக்கடன் இருந்தால் நாளைக்கே வங்கிக்குப் போய், இன்றைய தேதியில் அசல் பாக்கி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று எழுத்தில் வாங்குங்கள்.