மாடல் பாய்மரக் கப்பல்ல சில கயிறு கருப்பாவும் சிலது வெளிர் பழுப்பாவும் இருக்கே, ஏன்?

சுருக்கமா சொன்னா கருப்பு கயிறு கம்பத்த தாங்குறது, பழுப்பு கயிறு பாயை ஏத்தி இறக்கித் திருப்புறது.

தாங்குற கயிறு எப்பவும் ஒரே எடத்துல மழை, உப்புத்தண்ணி, வெயில்ல கெடக்கும், அதனால அது மக்காம இருக்க பைன் மரத்துல எடுக்குற தார் பூசுவாங்க, அதான் அந்த கருப்பு. பாயை ஏத்தி இறக்குற பழுப்பு கயிறு, அதாவது ஓடுற கயிறு, அதுல தார அப்பிவிட்டா கப்பி வழியா வழுக்கிட்டு போகாது, வெறச்சுக்கும்.

எங்க சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீட்டுல டிவி ஏரியல் கம்பத்த சுத்தி கம்பி போட்டு இழுத்துக் கட்டுவாங்கல்ல, அது தாங்குற கயிறு. தமிழ்ப்பள்ளி கொடிக்கம்பத்துல கொடி ஏத்துற கயிறு, அது ஓடுற கயிறு. அவ்ளோதான் விஷயம்.

செய்யும்போது தாங்குற கயித்த முதல்ல கட்டுங்க. தடிமன்தான் நெறைய பேர் கோட்ட விடுற எடம்: 1:64 அளவுல நெஜ கப்பலோட 64 மில்லிமீட்டர் கயிறு வெறும் 1 மில்லிமீட்டர் நூல், அதனால எல்லாத்துக்கும் ஒரே நூல் போட்டா பாக்கவே பொம்ம மாதிரி ஆயிடும், எனக்கு அது தாங்காது. பருத்தி நூல்னா தேன்மெழுகுல ஒரு இழு இழுத்துட்டு கட்டுங்க, பிசிறு அடங்கிடும்.

கம்பத்து ரெண்டு பக்கமும் ஏணி மாதிரி தெரியுதே, அது மாலுமி ஏற மட்டும் கட்டுனதுன்னு நெனைக்காதீங்க, செங்குத்தா போற கயிறுங்கதான் கம்பத்தையே தாங்குது, படி மாதிரி குறுக்க இருக்குறது அப்புறம் கட்டுனது, அத இறுக்கி இழுத்தா ஓரத்து கயிறு உள்பக்கமா வளைஞ்சிரும்.