கையில் வரும் பாட்டு

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம். நாங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் நாலைந்து சொல்லோடு நிற்கிறது. இங்கிலாந்தில் ஐம்பது அம்மாக்கள் இதே போன்ற பிள்ளைகளோடு காரில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்குச் சைகை செய்யும் வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டேன். இவளோ அழவில்லை, கூடவே கையை ஆட்டினாள். கற்றுக்கொடுக்க ஆசை. "கையால் பழகிட்டா வாயைத் திறக்கவே மாட்டா" என்கிறார் மாமியார். ஆண்டு விழாவில் மேடை ஏற்றினால் எல்லோரும் பரிதாபப்படுவார்களோ என்றும் தயக்கம்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மாமியாரின் பயம் பாசத்தில் வருவது. ஆனால் சைகை பேச்சைத் தடுப்பதில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் நன்றாகத் தங்கும். வாய்த் தசைகள் தளர்ந்திருப்பதால் நினைத்த ஒலி நாவில் வரத் தாமதமாகும். நடுக்காதில் நீர் கோத்துக் கேட்பதும் மங்கும். அதனால் முதல் வேலையாகக் காதைப் பரிசோதித்துவிடுங்கள். சொல்ல வேண்டியது உள்ளே நிறைய இருந்து, சொல்ல வழியில்லாமல் தவிக்கும் பிள்ளைக்குக் கை ஒரு வழி. பேச்சு வர வர, பெரும்பாலான பிள்ளைகள் சைகையைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் பார்த்த வீடியோ உலக டவுன் சிண்ட்ரோம் நாளையொட்டி 2018 மார்ச்சில் வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு 21வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால்தான் 3ஆம் மாதம் 21ஆம் தேதியை அந்த நாளாக வைத்திருக்கிறார்கள். அந்த வீடியோவில் இருப்பது மகடன் என்னும் முறை, மார்கரெட் வாக்கர் 1970களில் இங்கிலாந்தில் உருவாக்கியது. வாயால் பேசிக்கொண்டே முக்கியமான சொற்களுக்கு மட்டும் சைகை காட்டுவார்கள். காது கேளாதோரின் சைகை மொழி வேறு. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு, புருவம் உயர்வதும் சுருங்குவதும்கூட அதில் இலக்கணம். கேட்கும் காது உள்ளவர்கள் அரைகுறையாகக் கற்றுப் பாட்டுக்குச் சைகை செய்து புகழ் வாங்குகிறார்கள் என்று காது கேளாதோருக்கு வருத்தம் இருக்கிறது. அது நியாயமான வருத்தம். முடிந்தால் காது கேளாத ஆசிரியர் ஒருவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

மேடை பற்றிக் கேட்டீர்கள். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். பள்ளியில் ஒரு நம்பிக்கைப் பாட்டுக்கு அமெரிக்கச் சைகை மொழியில் அபிநயித்தாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். 'தனியாக' என்பதற்கு அந்த மொழியில் ஒற்றைச் சுட்டுவிரலை நிமிர்த்தி நெஞ்சுக்கு முன்னால் சிறு வட்டம் போட வேண்டும். 'சேர்ந்து' என்பதற்கு இரண்டு முஷ்டிகளையும் ஒட்டவைத்து அதே போல வட்டம். முதல் முறை அந்த விரல் வேகமாகச் சுற்றியது. பல்லவி திரும்ப வந்தபோது, பாட்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தும் அவள் விரல் மெல்லச் சுற்றி, பாதியில் நின்றது. இன்னொரு கை வந்து சேர்ந்து, இரண்டு முஷ்டியாகி மீதி வட்டத்தை முடித்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார். அவளே கண்டுபிடித்தது!

அரங்கில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வந்தவளை ஆளாளுக்குக் கட்டிக்கொண்டார்கள். அவள் முகம் வாடியிருந்தது. "ரெண்டாவது சரணத்துல தப்பு விட்டுட்டேன் பெரியம்மா" என்றாள். எந்த இடம் என்று கேட்டேன். உடனே அங்கேயே நின்று காட்டினாள். அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளைப் பிறருக்கு ஊக்கம் தரும் காட்சிப்பொருளாக்குவதை ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பெண் 2014இல் ஒரு மேடையில் கடுமையாக எதிர்த்துப் பேசினார். அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அன்று அந்த அரங்கில் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. ஆனால் அதற்காக உங்கள் மகளை மேடையிலிருந்து தள்ளி வைக்காதீர்கள். ஒத்திகைக்கு நேரம் கொடுக்கச் சொல்லுங்கள், கை தெரியும்படி விளக்கு போடச் சொல்லுங்கள். 'பாவம் இந்தக் குழந்தை' என்று தொகுப்பாளர் ஆரம்பித்தால் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். பாட்டின் பெயரும் அவள் பெயரும் போதும்.

இப்போதைக்குச் சாப்பாடு, தண்ணீர், இன்னும், போதும், பாட்டு என்று ஐந்து சைகை போதும். ஒவ்வொரு முறையும் சொல்லை வாயாலும் சொல்லுங்கள். பாட்டியும் கூடச் செய்யட்டும். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் வீடியோ அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பாட்டை அவளே தேர்ந்தெடுக்கட்டும். எது என்று எனக்கும் எழுதுங்கள்.