நலந்தானா என்று கேட்பது

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். இரவில் பாட்டு எழுதிப் பார்ப்பேன். கண்ணதாசன் மறைந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய பாதிப்பு இன்றைய சினிமாப் பாட்டில் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை மரியாதைக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? அவர் எழுதியதுபோலத் தத்துவப் பாடல்கள் இப்போது ஏன் வருவதில்லை? பாட்டெழுத யாப்பு படிக்க வேண்டுமா? ‘நலந்தானா’ பாட்டை, நோயுற்றிருந்த அண்ணாவை நினைத்து அவர் எழுதினார் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. படித்ததும் கண் கலங்கிவிட்டது. அதையும், நான் எழுதிய ஒரு பல்லவியையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் வாசகன், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

பத்து நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்த ‘நலந்தானா’ பாட்டுதான். அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். நீங்களும் அதையே தூக்கிக்கொண்டு வந்ததால் உடனே பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ‘தத்துவப் பாடல்’ என்ற சொல்லைக் கண்டதுமே கடிதத்தை மூடி வைத்திருப்பேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடலாம். யாப்பு படியுங்கள், கெட்டுப்போக மாட்டீர்கள். தத்துவப் பாடல் ஏன் வருவதில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அதில் அக்கறையும் இல்லை.

இனி அந்த வாட்ஸப் சமாச்சாரம். அந்தப் பாட்டு வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படம் வெளியானது 1968 ஜூலையில். அண்ணா அறுவை சிகிச்சைக்காக அமெரிக்கா போனது அதே ஆண்டு செப்டம்பரில். பாட்டு எழுதி, ஒலிப்பதிவு செய்து, படம் பிடித்து, தியேட்டருக்கு வருவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கணக்கு பார்க்கிற நீங்களே போட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். சரி, இருக்கட்டும். அப்படியே உண்மையாக இருந்தாலும் உங்களுக்கு அதில் என்ன கிடைத்தது?

இந்த ஊரில் கண்ணதாசன் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. அண்ணன் பணம் தர மறுத்தாராம், ஒரு பாட்டு. காமராஜருக்குத் தூது விட்டாராம், இன்னொரு பாட்டு. சில உண்மையாகவும் இருக்கும். ஆனால் கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம், பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ரசிகர் செய்தால் மன்னிக்கலாம். நீங்கள் பாட்டெழுத வருகிறவர். சமையல் கற்க வந்தவன் அடுப்பைப் பார்க்காமல் சமையற்காரரின் குடும்பத் தகராறை விசாரித்துக்கொண்டிருந்தால் எப்படி?

அடுப்பைப் பாருங்கள். கையில் காயம்பட்டுத் தேறிவந்த நாதஸ்வரக்காரர் சபையில் வாசிக்கிறார். அவர்மேல் உயிரை வைத்திருக்கும் நாட்டியக்காரி ஆடுகிறாள். ஊரே உட்கார்ந்திருக்கிறது. அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதையும் ஊருக்கு முன்னால் கேட்க முடியாது. இந்த இடத்துக்கு ஒரு சாதாரணப் பாடலாசிரியர் நிலவையும் நதியையும் கூப்பிட்டிருப்பார். இவர் எடுத்தது தபால் கார்டின் முதல் வரியை. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எல்லார் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்த, யாரும் நின்று படிக்காத வரி. அதைக் கேள்வியாக்கி, கே.வி. மகாதேவனின் இசையில், சுசீலாவின் வாயில் வைத்தார்.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்க என்ன செய்கிறோம்? கடைசியில் ஓர் ‘ஆ’ போடுகிறோம். வாய் முழுசாகத் திறக்கிற, மூச்சு உள்ளவரை இழுக்கக்கூடிய உயிர். வந்தானா, சாப்பிட்டாயா, நலந்தானா. பாடுகிறவருக்கு நீட்ட இடம் வேண்டும், வாத்தியக்காரருக்கு உள்ளே நுழைய இடம் வேண்டும். பேச்சுத் தமிழே இரண்டையும் அந்த ஓர் எழுத்தில் வைத்திருக்கிறது. சுசீலாவின் குரல் கேள்வியை நீட்டி நிறுத்துகிறது, மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் அதற்குப் பதில் சொல்கிறது. மயக்கமா கலக்கமா, சொன்னது நீதானா என்று அவருடைய பல்லவிகளைப் போட்டுக் கேளுங்கள். வாக்கியம் உடையவில்லை, வீட்டில் பேசுகிற வரிசையிலேயே இருக்கிறது. மெட்டு நீளும் இடத்தில் பேச்சும் தானாக நீள்கிறது.

பேச்சைப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர் மட்டும் அல்லர். உடுமலை நாராயணகவி, மருதகாசி, பட்டுக்கோட்டையார் எல்லாரும் செய்தார்கள். ஆனால் கண்ணதாசன் பாட்டைச் சொல்லுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். வாயில் வந்த பிறகே தாளுக்குப் போன வரிகள் அவை. அவர் சொல்லச் சொல்ல எழுதிய பஞ்சு அருணாசலம்தான் பிறகு 1976இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவை அழைத்து வந்தார்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. பத்தொன்பது வயதில் புதுக்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவோடு சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஹார்மோனியம் வாசித்தவரை மாமா என்று கூப்பிடுவேன், உறவு ஒன்றும் கிடையாது. ஒருநாள் அவர் ‘தன்னன்ன தானனா’ என்று மெட்டின் அளவைக் காட்டும் ஒரு தத்தகாரம் கொடுத்து, அதற்கு வரி எழுதச் சொன்னார். இரவெல்லாம் உட்கார்ந்து, ‘நீலப் பிரவாகத்தில் என் உயிரின் ஓடம்’ என்று கொண்டுபோனேன். அவர் பாடிப் பார்த்தார். நெடில் வர வேண்டிய இடத்தில் ‘பிர’. இழுக்க வேண்டிய இடத்தில் ‘டம்’ என்று வாய் மூடிக்கொண்டது. “தம்பி, ஓடமெல்லாம் சரி, பாடறவன் மூச்சு விட எங்க இடம் வச்சிருக்க?” என்றார். கோபத்தில் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. நான் உரைநடைக்கு வந்து சேர்ந்ததற்கு அந்த ஓடமும் ஒரு காரணம்.

பாதிப்பு இருக்கிறதா என்று கேட்டீர்கள் அல்லவா. ‘கண் போன போக்கிலே கால் போகலாமா’ என்ற பாட்டைக் கண்ணதாசன் எழுதியது என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதியவர் வாலி, படம் ‘பணம் படைத்தவன்’, 1965. சென்னையே வேண்டாம் என்று மூட்டை கட்டியவரை நிறுத்தியது, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிக் காட்டிய ‘மயக்கமா கலக்கமா’தான் என்று வாலியே சொல்லியிருக்கிறார். (இதுவும் ஒரு கதைதானே என்று மடக்காதீர்கள். பாட்டு போய்ச் சேர்ந்த கதையை நான் கேட்பேன்.) அதே வாலி 1991இல் ‘குணா’வுக்கு எழுதியது என்ன? ஒருவன் பேச்சு வழக்கில் கடிதம் சொல்கிறான், அது பாட்டாகிக்கொண்டே போகிறது, நடுவில் ‘சௌக்கியமா’ என்று விசாரிப்பு. 1996இல் ‘காதல் கோட்டை’யில் தபால் கார்டு வரியே அப்படியே பல்லவி. 1999இல் ‘சங்கமம்’. மறுபடியும் ஒரு நாட்டியக்காரி, மறுபடியும் கலைஞனோடு காதல், ஏ.ஆர். ரகுமான் இசையில் வைரமுத்துவின் ‘சௌக்கியமா’. முப்பது வருடம் ஒரே விசாரிப்பு ஊர் ஊராகப் போயிருக்கிறது. இவர்கள் யாரும் அவரைக் காப்பியடிக்கவில்லை. நலம் விசாரிப்பதே ஒரு பல்லவி ஆகும் என்று நம் காதுக்கு ஒருவர் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். மலையாளத்தில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்தபோது குகைக்குள்ளிருந்து அந்த குணா பாட்டு எழும்ப, மலையாளப் பிள்ளைகள் தியேட்டரில் கூடவே பாடினார்கள். உங்களுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பத்து நாள் விஷயம். மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். காது சுத்தமாக மந்தம். ஹார்மோனியத்தின் மேல் மாத்திரை டப்பாவும் பழைய காலண்டரும். பக்கத்தில் உட்கார்ந்து, “நல்லா இருக்கீங்களா மாமா?” என்றேன். கேட்கவில்லை. சத்தமாகக் கேட்டேன், அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை கத்தியே விட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: “கத்தாதடா. கடைசியில இழுத்துக் கேளு, அதுதான் காதுல விழுது.”

இழுத்துக் கேட்டேன். “ம், இருக்கேன்” என்றார்.

அப்புறம் உங்கள் பல்லவி. மறந்துவிடவில்லை. ‘உன் பார்வை என் நெஞ்சில் வெப்பம்’ என்று முடித்திருக்கிறீர்கள். நானாவது ஓடத்தில் மூடினேன், நீங்கள் ஒரே வார்த்தையில் ‘ப்’, ‘ம்’ என்று இரண்டு தடவை உதட்டை ஒட்டியிருக்கிறீர்கள். நாளைக் காலையில் குளிக்கும்போது கடைசிச் சொல்லை நீட்டிப் பாடிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி மாற்றி எழுதி அனுப்புங்கள். வாட்ஸப் செய்தி ஒன்றும் கூட வர வேண்டாம்.