ஸ்வீடனில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே போன பிறகு குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமா?

கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மூன்று மாதங்களுக்கு மேல் ஸ்வீடனில் தங்கிப் படிப்பதென்றால், குடியிருப்பு அனுமதியை இங்கிருந்தே வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மிக்ரேஷன்ஸ்வெர்கெட் எனப்படும் குடிபெயர்வுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2025 நிலவரப்படி கட்டணம் 1,500 குரோனா. பல்கலைக்கழகக் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டியிருக்க வேண்டும். சேர்க்கை முடிவு மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வரும். வகுப்பு ஆகஸ்ட் இறுதி வாக்கில் தொடங்கும். இடையில் வரும் ஜூலை மாதம் ஸ்வீடன் முழுக்கவே விடுமுறைக் காலம். ஆகவே கடைசித் தேதி வரை காத்திராமல், முடிவு வந்த கையோடு தவணையைக் கட்டி விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த மாணவர்கள் பலர் தடுமாறிய இடம் பணக் கணக்குதான். 2025-இல் மாதத்துக்கு 10,584 குரோனா வீதம் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டும் என்பது விதியாக இருந்தது. அது உங்கள் சொந்தப் பெயரிலுள்ள கணக்கில், நீங்களே எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் படிப்புச் செலவு அப்பாவின் கணக்கிலும் மாமா கொடுத்த வாக்கிலும்தான் இருக்கும். நிலத்தின் மதிப்புச் சான்றிதழ், ஆடிட்டர் கையெழுத்திட்ட சொத்துப் பட்டியல், உறவினரின் பொறுப்புக் கடிதம் ஆகியவை வேறு நாட்டு விசாக்களுக்குக் கைகொடுத்திருக்கலாம். இங்கே அவற்றை நம்பி இறங்காதீர்கள். நகையை அடகு வைத்தோ, வைப்பு நிதியை முடித்தோ பெரிய தொகை ஒரே நாளில் உங்கள் கணக்குக்கு வந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

சில நாட்களுக்குப் பணம் போட்டு வங்கி அறிக்கை எடுத்துத் தருகிறோம் என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டால் பருவம் போவது உங்களுக்குத்தான். தப்பித்தவறிக் கிடைத்துவிட்டாலும், கையில் காசில்லாமல் ஸ்டாக்ஹோமில் அறை வாடகை கட்டப் போவதும் நீங்கள்தான்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் வெறும் இனிஷியல் இருக்கும், பட்டச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டலே மாறியிருக்கும். நமக்கு மூவரும் ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் ஸ்வீடன் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? வங்கிக் கணக்கின் பெயரையாவது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி அனுமதி தரமாட்டார்கள். குறைந்த காலமே மீதமிருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள்.

கைரேகையும் புகைப்படமும் கொடுக்க நேரில் போக வேண்டும். பிறகு அனுமதி அட்டை அச்சாகி வர வேண்டும். முடிவு வந்துவிட்டது என்ற மின்னஞ்சலை வைத்துக்கொண்டு கிளம்ப முடியாது, இந்தியர்களுக்கு அட்டை கையில் இருந்தாக வேண்டும். அதுவரை தேதி மாற்ற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

படிப்பு ஓராண்டுக்குக் குறைவு என்றால் முழுமையான மருத்துவக் காப்பீடும் தேவை.

பிறகு ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணமிருந்தால், அது தனி விண்ணப்பம். முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சியாளருக்கும் விதிகள் வேறு. முனைவர் பட்ட மாணவர்கள் பெரும்பாலும் சம்பளத்துடன் பணியில் அமர்த்தப்படுவதால், சேமிப்புக்குப் பதில் அந்த வருமானத்தையே காட்டலாம். ஆராய்ச்சியாளராகப் போகிறவருக்கு, அழைக்கும் நிறுவனத்துடன் செய்துகொண்ட விருந்தோம்பல் ஒப்பந்தம் (ஹோஸ்டிங் அக்ரிமெண்ட்) வேண்டும். அதை எல்லா நிறுவனங்களும் தர முடியாது. ஸ்வீடன் ஆராய்ச்சிக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றவைதான் தரலாம். வேலைக்கான கடிதம் வரும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.