விசுவாசம் வந்த பிறகு போகலாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். எனக்கும் என் அண்ணனுக்கும் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. அப்பா இறந்த பிறகு பண விஷயத்தில் வந்த சண்டை. தப்பு இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் கடைசியாக நான் சொன்ன வார்த்தைகள் அவருடைய பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாதவை. மூன்று மாதத்துக்கு முன் மத்தேயு 5 வாசித்தேன். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்ற வசனம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. போக வேண்டும் என்று தெரிகிறது. போனால் நல்லபடியாக முடியும் என்ற விசுவாசம்தான் உள்ளே வரவே இல்லை. விசுவாசம் இல்லாமல், கட்டளை என்பதற்காக மட்டும் போய் நிற்பது மாய்மாலம் ஆகாதா? "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்றுதானே ரோமர் 14:23 சொல்கிறது? எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரி, விசுவாசம் வரும்வரை காத்திருந்து ஜெபி என்கிறார். காத்திருக்கிறேன். வரவில்லை.

கே.

அன்புள்ள சகோதரி,

ஸ்தோத்திரம். முதலில் அந்த ரோமர் வசனத்தைப் பார்த்துவிடலாம், உங்களைக் கட்டிப் போட்டிருப்பது அதுதான். அந்த அதிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டு விஷயம். ரோமாபுரி சபையில் சிலர் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள், சிலர் மரக்கறி மட்டும் சாப்பிட்டார்கள். இதைச் சாப்பிடுவது தப்பு என்று மனதில் உறுத்தல் இருக்கும்போதே, மற்றவர்கள் சாப்பிடுகிறார்களே என்று ஒருவன் சாப்பிட்டால் அது அவனுக்குப் பாவம் என்கிறார் அந்த நிருபத்தை எழுதிய பவுல். செய்வது சரியா என்ற சந்தேகம் அது. உங்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லையே. மூன்று மாதமாகத் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் சந்தேகம் போனால் என்ன ஆகும் என்பதில். பவுல் அதைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால், அந்த வசனத்தை உங்கள் நிலைமைக்குப் பொருத்தினால் போகாமல் இருப்பதுதான் இடிக்கும்.

மாய்மாலம் பற்றியும் கவலை வேண்டாம். மத்தேயு 6-இல் இயேசு மாயக்காரர் என்று சொல்வது, மனுஷர் காண வேண்டும் என்று ஜெபிக்கிறவர்களையும் தர்மம் செய்கிறவர்களையும். அண்ணன் வீட்டு வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கப் போகிற உங்களை யார் பார்த்துப் பாராட்டப் போகிறார்கள்? சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் நம் ஆண்டவரே வியாகுலப்பட்டார், ஒரே வார்த்தைகளை மூன்று தரம் ஜெபித்தார். அந்த வியாகுலம் அவருடைய கீழ்ப்படிதலைப் பொய்யாக்கவில்லை. விசுவாசம் வரவில்லை என்று நீங்கள் எழுதும் இடத்தில் எல்லாம் பயம் போகவில்லை என்று வைத்து வாசித்துப் பார்த்தேன். கடிதம் அப்படியே பொருந்துகிறது.

இப்போது யோசுவா 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செங்கடலில் தண்ணீர் முதலில் பிளந்தது, இஸ்ரவேல் ஜனங்கள் பிறகு நடந்தார்கள். காய்ந்த தரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். யோர்தானில் அப்படி இல்லை. அறுப்புக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஆசாரியர்கள் உடன்படிக்கைப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறார்கள். தோளில் பாரத்தோடு ஓடுகிற தண்ணீரில் காலை வைப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவர்கள் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் மேலேயிருந்து வந்த தண்ணீர் நின்றது. அதுவும் அவர்கள் கண்ணெதிரே நிற்கவில்லை. வெகு தூரத்தில், ஆதாம் என்ற ஊர்ப் பக்கம் குவிந்தது என்று வேதம் சொல்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று கரையில் நின்றவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்த ஆசாரியர்களில் ஒருவராவது பயந்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன். அவருடைய விசுவாசம் எங்கே இருந்தது என்று கேட்டால், ஈரமான அந்தக் காலில் இருந்தது என்பேன்.

உங்கள் சபைச் சகோதரி அன்பினால்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வழி தெரியாதபோது காத்திருக்கலாம். வழி தெரிந்த பிறகு காத்திருந்தால் அந்த வசனத்தின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

எபிரெயத்தில் 'ஷாமா' என்று ஒரு சொல். "இஸ்ரவேலே, கேள்" என்பதில் வருவது அதுதான். காதால் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் அங்கே ஒரே சொல். நமக்கு இது புதிது இல்லை. "பையன் சொன்னால் கேட்கவே மாட்டேன் என்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. நீங்கள் அந்த வசனத்தை மூன்று மாதமாகக் காதில் வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள், இன்னும் கேட்கவில்லை. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் அப்படி இருந்தவன்.

பல வருடங்களுக்கு முன், என் தவறு ஒன்றைக் கூட வேலை செய்தவர் மேல் போட்டுவிட்டேன். அவருக்கு அதனால் நஷ்டம் வந்தது. பிறகு நான் விசுவாசத்துக்குள் வந்ததும் இந்த விஷயம் முள்ளாகக் குத்தியது. அவருடைய போன் எண்ணைப் போட்டுவிட்டு மணி அடிக்கும் முன் வைத்துவிடுவேன். இப்படி ஒரு வருடம் ஓடியது. ஒருநாள் வைக்காமல் இருந்தேன். அவர் எடுத்தார். கை வேர்த்து போன் வழுக்கியது, இன்னொரு கைக்கு மாற்றியது நினைவிருக்கிறது. செய்தது நான்தான், பழியை உங்கள் மேல் போட்டேன், மன்னியுங்கள் என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி" என்றார், வைத்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

எனக்கு அன்று சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று இரவு ஜெபிக்க முழங்கால் போட்டபோது, ஒரு வருடமாக நான் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு விஷயம் அங்கே இல்லை. கதவு மூடிய பிறகும் ஆண்டவர் கூட இருக்கிறார் என்பதை நான் அறிந்தது அப்போதுதான். போகும் முன் அதை யார் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் கை நீட்டுகிறவராகவோ மிரட்டுகிறவராகவோ இருந்தால் தனியாகப் போகாதீர்கள், முதலில் எனக்கு எழுதுங்கள். ஒப்புரவாவது என்றால் அடி வாங்கப் போய் நிற்பது என்று எந்த வேதபாடமும் சொல்லவில்லை. ரோமர் 12:18-இல் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று பவுல் இரண்டு எல்லை வைத்திருக்கிறார். அவர் மனம் மாறுவது உங்கள் கணக்கில் இல்லை. பணத்தை யார் எவ்வளவு எடுத்தார் என்ற பேச்சையும் அன்று எடுக்க வேண்டாம். பிள்ளைகள் முன்னால் சொன்ன அந்த வார்த்தைகளுக்கு மட்டும், "ஆனால் நீங்களும்" என்று சேர்க்காமல், மன்னிப்புக் கேளுங்கள். இரண்டு வாக்கியம் போதும். முடிந்தால் பிள்ளைகளும் இருக்கும்போது சொல்லுங்கள், அவர்கள்தான் அதைக் கேட்டவர்கள்.

ஜெபம் வேண்டும் என்றால், மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னது இருக்கிறது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டும் ஒரே மூச்சில். அவன் பிள்ளை சுகமானான். வாசல் வரை இதையே சொல்லிக்கொண்டு போங்கள்.

இந்த வாரம் எந்த நாள் என்று தெரிந்தால் எழுதுங்கள். அந்த நேரத்தில் நானும் என் மனைவியும் ஜெபத்தில் இருப்போம்.